நான் கிளம்பினால் படுத்துவிடும் கம்ப்யூட்டர்

உங்களில் பாதிப் பேருக்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பிடிப்பதில்லை என்று கேள்விப்படுகிறேன். வாடிக்கையாளர் போன் செய்தால் இங்கிருந்தபடியே அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து பார்த்துவிட்டு, "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று எழுதி மூடிவிடுகிறீர்களாம். நல்லதுதான், வெயிலாவது மிச்சம். எங்கள் காலத்தில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பஸ் பிடித்துப் போய், லாரிப் புழுதியைத் தின்று, ஒரு கேபிளைப் பிடுங்கிச் சொருகிவிட்டுத் திரும்புவோம். நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று உங்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதாக நினைத்தால், இல்லை. நேரில் போனதாலேயே ஒரு பழுது என் கண்ணில் படாமல் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அது அந்தத் தொழிற்பேட்டையில் மருந்துக்கும் பிஸ்கட்டுக்கும் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் கம்பெனி. பெட்டியின் படம் பெரிய ஃபைலாக சர்வரில் இருக்கும். அதைப் பிளேட் ரூம் கம்ப்யூட்டருக்கு இழுத்து, அங்கிருந்து அலுமினியத் தகட்டில் பதித்து, அந்தத் தகட்டை அச்சு மிஷினில் மாட்டுவார்கள். ஃபைல் வரவில்லை என்றால் தகடு இல்லை, தகடு இல்லை என்றால் மிஷின் சும்மா நிற்கும். அப்போது புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று வந்திருந்தது. பெயர் வேண்டாம். வாங்கியவர்களுக்கு மறக்காது, விற்றவர்கள் மறக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கம்பெனியில் பிளேட் ரூமுக்குப் புதிய கம்ப்யூட்டர், அதில் அந்தப் புதிய சிஸ்டம், கூடவே வேகமான புது நெட்வொர்க். எல்லாம் நாங்கள் போட்டுக் கொடுத்ததுதான்.

மேனேஜர் பெயர் கோதண்டம். பொதட்டூர்பேட்டைக்காரர், திருத்தணி முருகன் பக்தர், நெற்றியில் திருநீறு இல்லாமல் கேட்டைத் தாண்ட மாட்டார். ஆடி பிறந்தால் எதையும் வாங்கக் கூடாது என்று அவசரப்படுத்தி, ஆனி முடிவதற்குள் கம்ப்யூட்டரை இறக்கச் சொன்னவர் அவர்தான். மானிட்டருக்குச் சந்தனம், சிபியுவுக்குக் குங்குமம், மவுசுக்கும் ஒரு பொட்டு. அந்த மவுஸ் அதற்குப் பிறகு சரியாக நகரவே இல்லை, அது தனிக் கதை. பூஜை ஆனியில் முடிந்தது, ஆனால் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு இதில் வேலை தொடங்கியது ஆடியில்தான்.

ஆடி பிறந்து சில நாளில் எனக்குப் போன் வந்தது.

"சார், கோதண்டம் பேசறேன். பெரிய பேஜாரா பூடுச்சு சார். பழசு ஜம்முனு ஓடிக்கினு இருந்துச்சு. புதுசுல ஃபைல் நவுரவே மாட்டுது. ஒரு பெட்டி ஃபைல இழுத்தா மீதி நேரம் ஒரு நாள்னு காட்டுது."

அவர் பேசும்போது பின்னணியில் முருகன் பாட்டு கேட்டது. ஆடிக் கிருத்திகை நெருங்கும் நேரம், அந்தப் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதோ ஒரு ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதான் இருக்கும். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனேன். பிளேட் ரூமில் சரளா என்று ஒரு பெண் ஆபரேட்டர், வேலைக்குச் சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஊத்துக்கோட்டையிலிருந்து வருபவள். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து ஒரு பெரிய ஃபைலை இழுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது. இன்னொன்றை இழுத்தேன். அதுவும் அப்படியே.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றாள் சரளா.

ஒன்றும் பண்ணவில்லை என்பதை ஒத்துக்கொள்வது நம் தொழிலில் மிகக் கஷ்டம். ஒரு கேபிளைக் கழற்றி மாட்டினேன். "லூஸ் கனெக்‌ஷன்" என்றேன். உலகத்தில் எந்தப் பழுதுக்கும் பொருந்தும் விளக்கம் அது ஒன்றுதான். டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீடு வந்து சேர்வதற்குள் போன். மறுபடியும் படுத்துவிட்டதாம்.

திரும்பப் போனேன். என்னைக் கண்டதும் ஃபைல் பறந்தது. இந்த முறை நிஜமாகவே எல்லாவற்றையும் மாற்றினேன். கேபிள், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், கார்டின் செட்டிங், வைரஸ் மருந்து, எதையும் விடவில்லை. எது செய்தாலும் வேகமாகத்தான் ஓடியது. நன்றாக ஓடும் ஒன்றை எப்படிப் பழுது பார்ப்பது? உடம்பு முழுக்க வலி என்று சொல்லிக் கூட்டிவந்த நோயாளி டாக்டர் முன்னால் குத்தாட்டம் போட்டால் டாக்டர் என்ன செய்வார்? நான் முழித்தேன். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் போன் வந்தது. படுத்துவிட்டது.

அச்சு மிஷின் ஃபோர்மேன் பஷீர் பாய், பழவேற்காட்டுக்காரர். மிஷின் நிற்பதால் பாவம் அவர்தான் அதிகம் ஏச்சு வாங்கினார். அடுத்த முறை போனபோது வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. நீங்க கேட்டாண்ட வந்தா அது ஓடுது, நீங்க பஸ் ஏறுனா அது படுத்துக்குது. என் பசங்க நாஷ்டா துன்னுட்டு வந்து, வேல இல்லாம திரும்பியும் நாஷ்டா துன்னப் போறானுங்க. பேசாம இங்கியே ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுங்க."

கோதண்டம் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது ராசி நைனா" என்றார் அவரிடம். "சாருக்குக் கைராசி." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்க சட்ட ஒண்ணு இருந்தா குடுத்துட்டுப் போங்க சார். அந்த சேர்ல மாட்டி வெக்கறேன்" என்றார்.

சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு பஸ் ஏற எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் என் டூல் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போவதாகச் சமரசம் ஆனது. மறுநாள் போனில், "பையி இருக்குது சார், ஆனா அதுக்குப் பவர் பத்தல" என்று புகார் சொன்னார். சிரிக்காதீர்கள். அந்த வாரம் எனக்கே என் கைமேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் பல மாதமாக ஓடாத மிக்ஸியை மனைவி பார்க்காத நேரத்தில் தொட்டுப் பார்த்தேன். ஓடவில்லை.

இதுவரை இது வெறும் கூத்து. அடுத்த முறை போனபோதுதான் அது கூத்தாக மட்டும் முடியாது என்று தெரிந்தது.

பிளேட் ரூமில் நெட்வொர்க் சுவிட்சுக்கு மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பழத்தின் சாறு சுவிட்சுக்குள் இறங்கிவிடக் கூடாதே என்று நான் கும்பிட்டேன். அந்தக் கம்பெனியில் நான் மனதாரக் கும்பிட்டது அப்போதுதான். கோதண்டம் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"கம்ப்யூட்டர் ஆனியில வந்துச்சு சார், சுத்தமா. இந்தப் பொண்ணு ஆடியில சேந்துச்சு. அதுக்கப்பறம்தான் எல்லாம். நீங்களே பாத்தீங்க இல்ல? நீங்க வந்தா இந்தப் பொண்ணு நாக்காலிய வுட்டு எந்திரிக்குது, ஒடனே ஃபைல் ஓடுது. நீங்க போனா அது ஒக்காருது, ஃபைல் படுத்துக்குது. ராசி இல்லாத பொண்ணு சார். நாளைக்கு மொதலாளி வர்றாரு, அவராண்ட சொல்லி அத்த ஒட்டுற பக்கம் மாத்திடப் போறேன்."

ஒட்டுகிற பக்கம் என்றால் நாள் முழுக்கப் பெட்டிக்குப் பசை தடவும் வேலை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் எழுந்தால் ஓடியது, உட்கார்ந்தால் நின்றது. என் கண்ணாலேயே பார்த்த ஒன்றை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. என் கைராசியை நான் ரசித்துக்கொண்டிருந்த அதே கணக்கில் அவளுக்கு ராசி இல்லை என்று ஆகியிருந்தது. அது தெரிந்தபோது எனக்கு அசிங்கமாக இருந்தது.

சரளா காதில் அது விழுந்திருந்தது. நான் கிளம்பும்போது வராந்தாவில் நின்றாள்.

"ஒட்டுற வேல கேவலம்னு சொல்லல சார். எங்க ஊர்ப் பொண்ணுங்களே அங்க நாலு பேரு இருக்குறாங்க. ஆனா ராசி இல்லாதவனு பேரு வெச்சி அனுப்பினா, அந்தப் பேச்சு எனக்கு முன்னாடி பஸ் ஏறி ஊருக்குப் போயிடும். எங்க ஊட்ல மாப்பிள்ள பாத்துக்கினு இருக்காங்க. மிஷினுக்கே ஆவாதவனு சொன்னா எவன் சார் வருவான்?"

"பாத்துக்கலாம்மா" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முதலாளி வருவதற்கு முன்பே போய், இன்னொரு முறை எல்லாவற்றையும் சோதித்தேன். வழக்கம்போல் எல்லாம் வேகமாக ஓடியது. தோற்றுப்போய், ஷேர் ஆட்டோ ஏறி புதுவாயல் கூட்டு ரோட்டில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்தபடி ஒரு டீக்கடையில் நின்றேன். டீ கைக்கு வருவதற்குள் போன்.

"போயிட்டீங்களா சார்? படுத்துக்கிச்சு சார். மொதலாளி வேற வந்துக்கினே இருக்காரு."

பின்னால் முருகன் பாட்டு. டீக்கடையிலும் ஒரு ஸ்பீக்கர் வேறொரு முருகன் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. இரண்டு முருகனும் இரண்டு காதில் பாடும்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனிக்குள் நான் ஒரு நாளும் பாட்டுக் கேட்டதில்லை. போனில் கேட்காத நாளில்லை.

"கோதண்டம் சார், அங்க இன்னா பாட்டு கேக்குது?"

"நம்ப முருகன் பாட்டு சார். பிளேட் ரூம் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. காலையில கம்ப்யூட்டர் போட்டா மொத வேல சிடி போடறது. சாயங்காலம் வரைக்கும் நிக்கவே நிக்காது. இப்ப இந்த தோஷத்துக்காக சவுண்டு கொஞ்சம் கூட்டி வெச்சிக்கிறேன்."

"நான் வந்தப்ப ஒரு தடவகூடக் கேக்கலியே?"

"நீங்க வந்தா எப்டி சார் போடுவோம்?" அவர் குரலில் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது. "பெரியவங்க வந்தா பாட்ட நிறுத்த வாணாவா? வாச்மேன் போன் பண்ணுவான், ஒடனே நிறுத்திடுவோம். ஒரு மரியாத இல்ல?"

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

உங்களில் விஷயம் தெரிந்தவர்கள் இப்போதே தலையாட்டுவீர்கள். எனக்கு அப்போது தெரியாது, வெறும் ஊகம்தான். ஊகத்தை வைத்துக்கொண்டு ஒரு பக்தரிடம் போய் "உங்கள் முருகன் பாட்டுதான் வேலையைக் கெடுக்கிறது" என்று சொல்ல முடியுமா? அதுவும் ஆடிக் கிருத்திகை வாரத்தில்? கண்ணால் பார்க்காமல் அவர் நம்பமாட்டார், கண்ணால் பார்த்துத்தான் சரளாவைக் குற்றவாளி ஆக்கியிருந்தார். ஷேர் ஆட்டோவில் மடியில் யாரோ ஏற்றிய கீரைக்கட்டை வைத்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது முதலாளியின் கார் வாசலில் நின்றது. பிளேட் ரூமில் கூட்டம். முதலாளி வந்துவிட்டதால் பாட்டு நின்றிருந்தது. முதலாளி வந்துவிட்டதால் சரளாவும் எழுந்து சுவரோரமாக நின்றிருந்தாள், கண் நிறைந்திருந்தது. திரையில் ஃபைல் பறந்துகொண்டிருந்தது.

"பாருங்க சார்" என்று முதலாளியிடம் காட்டிக்கொண்டிருந்தார் கோதண்டம். "அது எந்திரிச்சி நிக்குது, ஃபைல் எப்டிப் போவுது பாருங்க." என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "இதோ, சாரும் வந்துட்டாரு. இனிமே கேக்கவே வாணாம்."

முதலாளி சென்னைக்காரர், அதிகம் பேசாதவர். "என்னய்யா இதெல்லாம்?" என்று என்னைப் பார்த்தார்.

"சொல்றேன் சார். சரளா, நீ ஒக்காரும்மா."

அவள் அசையவில்லை. முதலாளி நிற்கும்போது அந்தக் கம்பெனியில் யாரும் உட்கார்ந்ததில்லை. முதலாளி தலையசைத்தார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இப்ப ஒரு ஃபைல் இழு."

இழுத்தாள். பறந்து வந்தது.

"அது நீங்க இருக்கறதால" என்றார் கோதண்டம் உடனே.

"சரி, நான் வெளிய போறேன்." வராந்தாவுக்குப் போனேன். அங்கே பஷீர் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளேயிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது, "போவுது சார்!" பிறகு, "மொதலாளி இருக்காரு இல்ல, அதான்."

முதலாளி பெருமூச்சு விட்டுக்கொண்டு அவரும் வெளியே வந்தார். கம்பெனியின் சொந்தக்காரர், நான், பஷீர் பாய், மூன்று பேரும் ராசியைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றோம். உள்ளே சரளாவும் கோதண்டமும் மட்டும்.

"போவுதா?" என்று கத்தினேன்.

"போவுது" என்றார் கோதண்டம். குரல் இறங்கியிருந்தது.

"இப்ப சரளா வெளிய வரட்டும். நாங்க உள்ள வர்றோம். நீங்க பாட்டு போடுங்க."

"மொதலாளி முன்னாடியா?"

"போடுய்யா" என்றார் முதலாளி.

சரளா வெளியே வர, நாங்கள் உள்ளே போனோம். கைராசிக்காரன் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி பக்கத்தில் நின்றார். ராசி இல்லாதவள் என்று சொல்லப்பட்டவள் வராந்தாவில். கோதண்டம் கண்ணை மூடி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பாட்டைத் தட்டினார். முருகன் பாட்டு கணீரென்று எழுந்தது. அதே ஃபைலை இழுத்தேன்.

திரையில் மீதி நேரம் ஏறியது. நிமிஷம், மணி, அப்புறம் ஒரு நாள். பாட்டை மூடச் சொன்னேன். ஃபைல் சடசடவென்று வந்து விழுந்தது. மறுபடி பாட்டு, மறுபடி ஒரு நாள். பஷீர் பாய் கதவிடுக்கில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தலையை இழுத்துக்கொண்டார். அவர் எதுவும் சொல்லாமல் இருந்ததற்கு இன்றும் நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கோதண்டம் வெளிறிப் போயிருந்தார். ஆனால் விடவில்லை. "பழைய கம்ப்யூட்டர்ல அஞ்சாறு வருஷமா இதே பாட்டுதான சார் ஓடிச்சு? அப்ப ஒண்ணும் ஆவலியே? சாமி பாட்டுல போயி தோஷம் சொல்றீங்களே?"

நியாயமான கேள்வி. முதலாளியும் என்னைப் பார்த்தார். மேனேஜரின் சாமி ஒரு பக்கம், கதவுக்கு வெளியே ஒரு பெண்ணின் பெயர் இன்னொரு பக்கம். அப்போது என் வாயில் வந்ததைச் சொன்னேன். பிற்பாடு விசாரித்ததில் அது சரிதான் என்று தெரிந்தது.

"பாட்டுல ஒரு தோஷமும் இல்ல சார். பழைய சிஸ்டத்துக்கு மரியாத தெரியாது. பாட்டு பாட்டுக்கு ஓடும், வேல வேலைக்கு ஓடும். இந்தப் புது சிஸ்டம் அப்படி இல்ல. பாட்டு ஓடுனா அது எங்கயும் விக்கிடக் கூடாதுன்னு ஃபைல் வர்ற நெட்வொர்க்க ஒதுங்கி நிக்கச் சொல்லுது. பெரியவங்க வந்தா நீங்க பாட்ட நிறுத்தறீங்க. பாட்டு வந்தா அது வேலய நிறுத்துது. ரெண்டு பேருக்கும் ஒரே மரியாததான்."

முதலாளி முதலில் சிரித்தார். கோதண்டம் சிரிக்கவில்லை. சிடியை மெதுவாக வெளியே எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பையில் வைத்தார். பிறகு கதவருகே போனார்.

"உள்ள வாம்மா. வந்து ஒக்காரு."

அவள் வந்து, தயங்கி, முதலாளியைப் பார்த்தாள்.

"அவரு நிக்கட்டும். நீ ஒக்காரு, வேல கெடக்குது" என்றார் கோதண்டம்.

அந்த அறையிலேயே அவர்தான் பெரிய மனுஷன் என்று எனக்குப் பட்டது. தப்பாக நம்பிய மனிதர்தான், ஆனால் கண்ணால் கண்டதும் எல்லோர் முன்னாலும் மாற்றிக்கொண்டார். உங்களில் எத்தனை பேர் அப்படி மாற்றிக்கொள்வீர்கள்?

மறுநாள் ஒரு பழைய டேப்ரெக்கார்டர் வந்து அலமாரிமேல் ஏறியது. முருகன் அதில் தடையில்லாமல் பாடினார். அந்தச் சிஸ்டத்தைச் செய்தவர்களும் கொஞ்ச காலம் கழித்து அதைச் சரிசெய்து ஒரு அப்டேட் அனுப்பினார்கள். எலுமிச்சம்பழத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு இடத்துக்குப் போனால் நீங்கள் பார்ப்பது அந்த இடத்தை அல்ல, உங்களுக்காக எழுந்து நிற்கும் இடத்தை. நீங்கள் இல்லாதபோது அங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் யார்மேலும், எதன்மேலும் பழியைப் போடாதீர்கள்.

சில வருஷம் கழித்து வேறொரு வேலையாக அந்தக் கம்பெனிக்குப் போனேன். வாச்மேன் என்னை அடையாளம் கண்டு உள்ளே போன் செய்தான். பிளேட் ரூம் வாசலுக்குப் போவதற்கு முன்பே பாட்டுக் கேட்டது. உள்ளே நுழைந்தேன். பாட்டு நிற்கவில்லை. சரளா இப்போது அந்த அறைக்கே இன்சார்ஜ். கழுத்தில் தாலி, எதிரே இரண்டு புது ஆபரேட்டர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கப் போன புதுப் பிள்ளைகளையும் கையமர்த்தி உட்காரவைத்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். கோதண்டம் சார் ஆர்டர். யாரு வந்தாலும் பாட்ட நிறுத்தணும், எந்திரிக்கணும். நீங்க வந்தா மட்டும் எதுவும் மாறக் கூடாதாம்."

உட்கார எனக்கு நாற்காலிகூட இல்லை. டீ வரும்வரை சுவரோரமாக நின்று முருகன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.